படமே இல்லாத கேம்: இன்போகாம் வளர்ந்த கதையும் மூடிய கதையும்

என் சித்தப்பா சில மாதங்களுக்கு முன்பு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் அசெம்பிள் செய்த மெஷின். 8 ஜிபி மெமரி, 256 ஜிபி எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எக்செல்லில் கணக்குப் போடவும், வாடிக்கையாளர் அனுப்பும் டிராயிங்குகளைத் திறந்து பார்க்கவும் அது போதும். ஆனால் அவருடைய மகனுக்கு, அதாவது பிளஸ் ஒன் படிக்கும் என் தம்பிக்கு, அது போதவில்லை. ஒரு கார் ரேஸ் கேமை இன்ஸ்டால் செய்தான். கார் நின்று நின்று ஓடியது. "அண்ணா, இந்த கம்ப்யூட்டர் வேஸ்ட்" என்று எனக்கு போன் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் நடப்பதுதான் இது. கேம் பெட்டியின் பின்னால் என்ன கிராபிக்ஸ் கார்டு கேட்டிருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. கார் ரேஸை நீக்கிவிட்டு, இந்த மெஷினில் தடையில்லாமல் ஓடும் ஒரு கேமைப் போட்டுக் கொடுத்தேன். அதன் மொத்த அளவு 100 கேபிகூட இல்லை. உங்கள் வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்று அதைவிடப் பெரியது. பெயர் ஜோர்க்.

திரையில் கார் இல்லை, துப்பாக்கி இல்லை, படமே இல்லை. சில வரி ஆங்கிலம் மட்டும். நீங்கள் ஒரு வெள்ளை வீட்டின் மேற்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், வாசல் கதவு பலகை அடித்து மூடியிருக்கிறது, பக்கத்தில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் டைப் செய்ய வேண்டும். தம்பி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு கிரிக்கெட் விளையாடப் போய்விட்டான். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பெட்டியைத் தெறக்கச் சொன்னா தெறக்குமா?"

"டைப் பண்ணிப் பாருங்க சித்தப்பா."

அவர் ஒரு விரலால் டைப் செய்தார். பெட்டி திறந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம். ஒரு மணி நேரம் கழித்து நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, பின்பக்க ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, கையில் விளக்கோடு, தரை விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"யாருடா இதைச் செஞ்சது?" என்று கேட்டார்.

"இன்போகாம்னு அமெரிக்காவுல ஒரு கம்பெனி. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே மூடிட்டாங்க."

"சரக்கு நல்லாத்தானே இருக்கு. ஏன் மூடினாங்க?"

இந்தக் கேள்வியை அவர் சும்மா கேட்கவில்லை. அவரும் ஒரு கம்பெனியை மூடியவர்தான். அதைப் பிறகு சொல்கிறேன். அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன்.

லேபில் பிறந்த பாதாள உலகம்

அட்வென்சர் கேம் என்ற வகையைத் தொடங்கி வைத்தவர் வில் கிரவுதர் என்ற புரோகிராமர். குகைகளுக்குள் இறங்கிப் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. 1970களின் நடுவில், தான் பார்த்த குகையை வைத்தே ஒரு கேம் எழுதினார். டான் உட்ஸ் என்பவர் 1977-ல் அதைப் பெரிதாக்கினார். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று இணைந்திருந்த சில பல்கலைக்கழகங்களுக்கு அது பரவியது. போன இடமெல்லாம் வேலை நின்றது.

அப்படி வேலை நின்ற இடங்களில் ஒன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் லேப். அந்த கேமை முடித்த கையோடு, "இதைவிட நன்றாக நாம் எழுதலாம்" என்று நான்கு பேர் உட்கார்ந்தார்கள். மார்க் பிளாங்க், டேவ் லெப்லிங், டிம் ஆண்டர்சன், புரூஸ் டேனியல்ஸ். 1977-ல் தொடங்கி இரண்டு வருடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தார்கள். ஜோர்க் என்ற பெயருக்கு அர்த்தம் கிடையாது. முடியாத புரோகிராமுக்கு லேபில் வைக்கும் விளையாட்டுப் பெயர், அப்படியே நிலைத்துவிட்டது.

பழைய கேம்களில் இரண்டு வார்த்தைதான் டைப் செய்ய முடியும். ஜோர்க் முழு வாக்கியத்தையே புரிந்துகொண்டது. "விளக்கையும் கத்தியையும் எடுத்துப் பைக்குள் போடு" என்கிற மாதிரி எழுதினால், எது வினை, எது பொருள், எங்கே போட வேண்டும் என்று பிரித்துப் பார்த்து வேலை செய்யும். இப்படிப் பிரிக்கும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். இன்று செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இது பெரிதாகத் தெரியாது. 1977-ல் கம்ப்யூட்டர் மனிதன் எழுதிய வாக்கியத்தைப் புரிந்துகொண்டு பதில் சொன்னது ஒரு அதிசயம்.

1979 ஜூன் மாதம் அந்த லேபைச் சேர்ந்த பத்துப் பேர் காசு போட்டு ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார்கள். பெயர் இன்போகாம். வேடிக்கை என்னவென்றால், என்ன தயாரிக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே பதிவு செய்தார்கள். ஆபீஸ்களுக்கான சாப்ட்வேர் செய்ய வேண்டும் என்பது அவர்களில் பலருடைய எண்ணம். கைக்காசு சேரும் வரை கையில் இருக்கும் ஜோர்க்கை விற்போம் என்றார்கள். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மூடியதற்கான விதை இங்கேதான் இருக்கிறது.

இல்லாத கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராம்

எம்.ஐ.டி.யில் ஜோர்க் ஓடியது பிடிபி-10 என்ற பெரிய மெஷினில். அங்கே அது பிடித்த மெமரி ஏறக்குறைய ஒரு எம்பி. மக்கள் வீட்டில் வாங்கிய டிஆர்எஸ்-80, ஆப்பிள் 2 போன்ற கம்ப்யூட்டர்களில் 32 கேபி, 48 கேபி மெமரிதான் இருந்தது. பிளாப்பியில் 100 கேபி கிடைத்தால் அதிகம். யானையைத் தீப்பெட்டிக்குள் அடைக்கும் வேலை.

இதற்கு மார்க் பிளாங்கும் ஜோயல் பெரஸும் கண்டுபிடித்த வழியை நான் காலேஜில் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முதலில் கேமை வெட்டினார்கள். முதல் பாகம், இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம். பிறகு எழுத்துகளைச் சுருக்கினார்கள். சாதாரணமாக ஒரு எழுத்துக்கு ஒரு பைட் வேண்டும். இவர்கள் இரண்டு பைட்டில் மூன்று எழுத்தை அடைத்தார்கள். கேம் முழுவதையும் மெமரியில் ஏற்றாமல், தேவைப்படும் துண்டை மட்டும் பிளாப்பியிலிருந்து அவ்வப்போது எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது யோசனைதான் பெரியது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனி கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாதிரி. டிஆர்எஸ்-80க்கு எழுதிய புரோகிராம் ஆப்பிளில் ஓடாது. ஆப்பிளில் ஓடுவது அடாரியில் ஓடாது. ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து எழுத வேண்டும். இவர்கள் உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு கம்ப்யூட்டரைக் காகிதத்தில் வடிவமைத்தார்கள். அதற்கு இசட் மெஷின் என்று பெயர் வைத்தார்கள். எல்லா கேம்களையும் அந்த இல்லாத கம்ப்யூட்டருக்காகவே எழுதினார்கள். பிறகு ஒவ்வொரு நிஜக் கம்ப்யூட்டருக்கும் "இசட் மெஷினாக நடிக்கும்" ஒரு சின்ன புரோகிராம். புதிய கம்ப்யூட்டர் ஒன்று சந்தைக்கு வந்தால் அந்தச் சின்ன புரோகிராமை மட்டும் எழுதினால் போதும், இன்போகாமின் எல்லா கேம்களும் அதே நாளில் அதில் ஓடத் தொடங்கும். இப்படி 20க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர் வகைகளில் விற்றார்கள். 1995-ல் வந்த ஜாவாவும் இதே மாதிரி ஒரு கற்பனை மெஷினை நம்பித்தான் ஓடுகிறது. நான் ஆபீசில் தினமும் எழுதுவது ஜாவா. சம்பளத்தில் ஒரு பங்கு இந்த யோசனைக்குப் போக வேண்டும்.

சித்தப்பாவுக்கு இதை இப்படிச் சொன்னேன்: "ஒவ்வொரு லேத்துக்கும் தனித்தனியா டிராயிங் போடாம, ஒரே டிராயிங் போட்டுட்டு, லேத்துக்கு லேத் ஒரு பிக்சர் மட்டும் மாத்துற மாதிரி." அவருக்கு உடனே புரிந்தது. பிக்சர் என்றால் போட்டோ இல்லை. கடைய வேண்டிய பொருளை மெஷினில் பிடித்து நிறுத்தும் அமைப்பு.

ஜோர்க் முதல் பாகம் 1980 கடைசியில் டிஆர்எஸ்-80க்கு விற்பனைக்கு வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு 1980 என்றால் வேறு நினைவு. டிவிஎஸ் 50 மொபெட் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த வருடம் அது.

பெட்டிக்குள் மாத்திரை, கண்ணாடி, காலிப் பை

அடுத்த நான்கைந்து வருடங்கள் இன்போகாமுக்கு நல்ல காலம். 1982-ல் வந்த டெட்லைன் ஒரு கொலைக் கதை. நீங்கள்தான் துப்பறிபவர். விசாரணை அறிக்கை முழுவதையும் எழுத பிளாப்பியில் இடம் பத்தவில்லை. அதனால் சாட்சிகளின் வாக்குமூலம், லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்து, செத்தவர் அருகில் கிடந்த மாத்திரைகள் என்று ஒரு சின்னப் பாக்கெட்டையும் சேர்த்து, பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு இது பிடித்துப்போனது. அதிலிருந்து ஒவ்வொரு கேமுக்கும் பெட்டிக்குள் ஏதாவது ஒன்று இருக்கும். திருட்டுக் காப்பி எடுப்பவருக்கு பிளாப்பி கிடைக்கும், மாத்திரை கிடைக்காது இல்லையா?

1983-ல் ஸ்டீவ் மெரட்ஸ்கி எழுதிய பிளானட்பால் வந்தது. அதில் பிளாய்ட் என்று ஒரு ரோபோ, சின்னக் குழந்தை மாதிரி உங்கள் பின்னாலேயே சுற்றும், விளையாடக் கூப்பிடும், தொந்தரவு செய்யும். கடைசியில் உங்களுக்காக உயிரை விடும். படமே இல்லாத ரோபோவுக்காக விளையாடியவர்கள் அழுதார்கள். ஹாஸ்டலில் நானும் கொஞ்சம் கண் கலங்கினேன், ரூம்மேட் பார்க்கவில்லை.

1984-ல் டக்ளஸ் ஆடம்ஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் தன் புகழ்பெற்ற 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' கதையை மெரட்ஸ்கியுடன் சேர்ந்து கேமாக எழுதினார். அந்தப் பெட்டியில் கறுப்பு அட்டைக் கண்ணாடி ஒன்று இருந்தது. ஆபத்து வந்தால் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும் கண்ணாடியாம். ஒரு காலிப் பிளாஸ்டிக் பையும் இருந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன விண்வெளிப் படை இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்! காதில் மீனைப் போட வேண்டிய ஒரு புதிர் அதில் வரும். அதை விடுவித்தவர்கள் பெருமையோடு போட்டுக்கொள்ளத் தனியாக டி-ஷர்ட் விற்றார்கள்.

ஜோர்க்கின் மூன்று பாகங்கள் மட்டும் 1986 வரை ஆறரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. 1984-ல் கம்பெனியின் விற்பனை சுமார் ஒரு கோடி டாலர். போட்டியாளர்கள் படம் போட்ட கேம்களை விற்றுக்கொண்டிருந்தபோது, இன்போகாம் தன் விளம்பரத்தில் மனித மூளையின் படத்தைப் போட்டு, எங்கள் கிராபிக்ஸ் இதுதான் என்றது. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

கார்னர்ஸ்டோன்

இப்போது அந்த விதையைப் பார்ப்போம். கேம் என்பது கைக்காசுக்காகச் செய்தது, உண்மையான தொழில் ஆபீஸ் சாப்ட்வேர்தான் என்ற எண்ணம் நிர்வாகத்தில் இருந்தவர்களை விட்டுப் போகவே இல்லை. விசிகால்க், லோட்டஸ் 1-2-3 எல்லாம் அப்போது பணத்தை அள்ளிக்கொண்டிருந்தன. எம்.ஐ.டி.யில் படித்தவர்கள் பூதக் கதையா விற்பது என்றும் சிலருக்கு இருந்திருக்கலாம்; இது என் ஊகம்.

1982 கடைசியில் ஒரு டேட்டாபேஸ் சாப்ட்வேருக்கு வேலை தொடங்கியது. டேட்டாபேஸ் என்றால், வாடிக்கையாளர் பெயர், பில், சரக்கு இருப்பு போன்ற விவரங்களை ஒழுங்காகச் சேர்த்து வைத்து, வேண்டியபோது தேடி எடுக்கும் சாப்ட்வேர். சந்தையில் டிபேஸ் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் அதைப் பயன்படுத்த ஓரளவு புரோகிராமிங் தெரிய வேண்டும். புரோகிராமிங் தெரியாத சாதாரண ஆபீஸ்காரருக்கு ஒரு டேட்டாபேஸ் என்பது இன்போகாமின் திட்டம். திட்டத்தில் தவறு இல்லை. அதன் பெயர் கார்னர்ஸ்டோன். 1985 தொடக்கத்தில் 495 டாலர் விலையில் வந்தது.

அதற்குள் சுமார் 25 லட்சம் டாலர் செலவாகியிருந்தது. ஆட்கள் நூறு பேர் வரை வந்துவிட்டார்கள். பெரிய ஆபீசுக்கு மாறினார்கள். இத்தனையும் கேம்கள் சம்பாதித்த பணம், அதற்கு மேல் கடன்.

கார்னர்ஸ்டோன் விற்றது சுமார் பத்தாயிரம் பிரதிகள்தான். ஏன்? நான் ஒரு இன்ஜினியர், எனக்கு இந்தக் காரணம்தான் வலிக்கிறது. இந்த சாப்ட்வேரையும் அவர்கள் தங்கள் பழக்கப்படி ஒரு கற்பனை மெஷினுக்குத்தான் எழுதினார்கள். எத்தனை வகைக் கம்ப்யூட்டர் வந்தாலும் ஓட வேண்டும் என்று. ஆனால் 1985-ல் ஆபீஸ் மேஜைகளில் இருந்தது ஏறக்குறைய ஒரே வகை, ஐபிஎம் பிசியும் அதன் நகல்களும். எல்லா இடத்திலும் ஓடும் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. அதற்குக் கொடுத்த விலை மட்டும் மிஞ்சியது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பதால் சாப்ட்வேர் மெதுவாக ஓடியது. கேமில் நீங்கள் யோசித்து டைப் செய்வதற்கே அரை நிமிடம் ஆகும். பதில் இரண்டு நொடி தாமதமானால் தெரியாது. ஆயிரம் பில்களைத் தேடும்போது தெரியும். கேமில் அவர்களைத் தூக்கி நிறுத்திய அதே தொழில்நுட்பம் இங்கே காலை வாரியது.

விலையை நூறு டாலருக்கும் கீழே இறக்கிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1985 முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இன்போகாம் விழுந்ததற்குக் காரணம் படம் போட்ட கேம்கள் வந்ததுதான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். சியரா கம்பெனியின் கிங்ஸ் குவெஸ்ட் 1984-ல் வண்ணப் படங்களோடு வந்தது உண்மை. எழுத்து கேம்களின் சந்தை பிறகு சுருங்கியதும் உண்மை. ஆனால் கையில் காசு இருந்திருந்தால் அந்த மாற்றத்தைச் சமாளிக்க மூன்று நான்கு வருட அவகாசம் இருந்திருக்கும். அந்தக் காசு கார்னர்ஸ்டோனில் போய்விட்டது. என் கணக்கு இதுதான்.

நான் இந்த இடத்துக்கு வந்தபோது சித்தப்பா கீ போர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சித்தப்பா 2006-ல் சிட்கோ பக்கம் ஒரு வாடகை ஷெட்டில் கடைசல் பட்டறை போட்டார். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின். டூவீலருக்குப் போகும் புஷ், பின் போன்ற சின்ன பார்ட்ஸ்களை ஒரு சப்ளையருக்கு ஜாப் ஒர்க்காகக் கடைந்து கொடுத்தார். இன்ஸ்பெக்‌ஷனில் அவர் சரக்கு திரும்பி வந்ததில்லை. எட்டு ஒன்பது வருடம் நன்றாகவே ஓடியது. "எத்தனை நாளைக்கு அடுத்தவன் டிராயிங்கையே கடைஞ்சுட்டிருக்கிறது?" என்று 2015-ல் கடன் வாங்கி ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின் போட்டார். சொந்தப் பெயரில் குடம், பக்கெட். டை செய்யும் செலவு ஒரு பக்கம், கடைக்காரர்களிடம் கடனுக்குச் சரக்கு போடுவது ஒரு பக்கம். அவருக்கு இரும்பு தெரியும், மைக்ரான் தெரியும். பக்கெட் விற்கத் தெரியாது. லேத் சம்பாதித்ததெல்லாம் வட்டிக்குப் போனது. 2019-ல் லேத்துகளையும் சேர்த்து விற்றார். இப்போது வேறொருவரின் யூனிட்டில் தரப் பரிசோதனை பார்க்கிறார். அந்த எக்செல் வேலை அதற்குத்தான்.

"ஓடிக்கிட்டிருந்த மெஷினை அடமானம் வெச்சு ஓடாத மெஷினை வாங்கியிருக்காங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க செஞ்சதும் தப்புன்னு சொல்ல முடியாதுடா. அந்த நேரத்துல அது சரியாத்தான் தெரியும்" என்றார். சித்தி உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்.

கைமாறிய பிறகு

1986-ல் ஆக்டிவிஷன் கம்பெனி இன்போகாமை 75 லட்சம் டாலர் மதிப்புக்கு வாங்கியது. வாங்கியபோது தலைவராக இருந்த ஜிம் லெவி இந்த கேம்களின் ரசிகர். 1987 தொடக்கத்தில் அவர் போய் புரூஸ் டேவிஸ் வந்தார். முன்பு வருடத்துக்கு நான்கைந்து கேம்கள், இப்போது ஏழெட்டு. ஆட்கள் குறைவு, கேம்கள் அதிகம். பெட்டி தயாரிப்பு தாய்க் கம்பெனி வழியாகப் போனதில் செலவு கூடியது என்று அங்கே வேலை செய்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். 1988-ல் படங்களோடு கேம் செய்து பார்த்தார்கள். தாமதமாகிவிட்டது.

1989 மே மாதம் மிஞ்சியிருந்த 26 பேரில் 15 பேருக்கு வேலை போனது. மற்ற 11 பேரைக் கலிபோர்னியாவுக்கு வரச் சொன்னார்கள். ஐந்து பேர்தான் போனார்கள். கேம்பிரிட்ஜ் நகர ஆபீஸ் மூடப்பட்டது. கம்பெனி இருந்தது மொத்தம் பத்து வருடம். இதில் எரிச்சலான செய்தி, 1991-ல் ஆக்டிவிஷன் பழைய இன்போகாம் கேம்களை ஒரே பெட்டியில் போட்டு விற்றபோது அது நன்றாக விற்றது.

இங்கே பக்கத்திலும் ஒரு கதை உண்டு. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அத்திப்பள்ளி தாண்டி போய்விடக்கூடிய பெங்களூரில், 1997-ல் ராஜேஷ் ராவ் தொடங்கியது துருவா இன்டராக்டிவ். இந்தியாவின் முதல் கேம் ஸ்டுடியோ என்று பெயர் பெற்றது. இன்போகிராம்ஸ் என்ற பிரெஞ்சு கம்பெனிக்காக மிஷன் இம்பாசிபிள் கேமின் கம்ப்யூட்டர் பதிப்பில் வேலை செய்தார்கள். சொந்த கேம் செய்யும் ஆசை அவர்களுக்கும் இருந்தது. ஆனால் நிலைத்தது ஜாப் ஒர்க்தான். வெளிநாட்டு கேம்களுக்கு கார், கட்டடம், மரம் என்று வரைந்து கொடுப்பது. போர்ஸா கார் ரேஸ் கேம்களில் ஓடும் கார்களில் அவர்கள் கைவேலையும் உண்டு. 2016 கடைசியில் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் அதன் பெரும்பங்கை வாங்குவதாக அறிவித்தது. 2019-ல் அந்தக் கம்பெனியே பணச் சிக்கலில் மாட்டியபோது, துருவா ராக்ஸ்டார் கைக்குப் போய் அதன் இந்திய ஸ்டுடியோவோடு சேர்ந்துவிட்டது. நூற்றுக்கணக்கான பேருக்கு வேலை நிலைத்தது, துருவா என்ற பெயர் நிலைக்கவில்லை. சித்தப்பாவிடம் இதையும் சொன்னேன். "அது பரவால்ல" என்றார்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஜோர்க்

மூடி இத்தனை வருடமாகியும் இந்த கேம்கள் ஓடுவதற்குக் காரணம் அதே இசட் மெஷின்தான். ரசிகர்கள் அதன் அமைப்பைத் துருவித் துருவிக் கண்டுபிடித்து எழுதி வைத்தார்கள். 1993-ல் கிரகாம் நெல்சன், இசட் மெஷினுக்குப் புதிய கேம்கள் எழுத இன்பார்ம் என்ற மொழியை இலவசமாக வெளியிட்டார். இப்போது விண்டோஸ், லினக்ஸ், மொபைல் என்று எதை எடுத்தாலும் இசட் மெஷினாக நடிக்கும் புரோகிராம் ஒன்று இருக்கும்.

ஆக்டிவிஷனை 2023-ல் மைக்ரோசாப்ட் வாங்கியது. 2025 நவம்பரில் ஜோர்க் மூன்று பாகங்களின் சோர்ஸ் கோடையும் எம்ஐடி லைசென்ஸில் வெளியிட்டது. அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். கிட்ஹப் தளத்தில் ஹிஸ்டாரிக்கல் சோர்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. அங்கே இருக்கும் கம்பைல் செய்த கேம் பைலின் பெயர் புள்ளி, இசட், 3 என்று முடியும். அடுத்து விண்டோஸ் பிராட்ஸ் என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். அதைத் திறந்து, பைல் மெனுவில் அந்த கேம் பைலைத் தேர்ந்தெடுத்தால் போதும். டெஸ்க்டாப்போ லேப்டாப்போ, எவ்வளவு பழைய மெஷினாக இருந்தாலும் கவலை வேண்டாம்.

ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கலாம். டிக்‌ஷனரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே போக நார்த் என்ற சொல்லின் முதல் எழுத்தை மட்டும் டைப் செய்தால் போதும், மற்ற திசைகளுக்கும் அப்படியே. கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஐ என்ற எழுத்து. ஒரு பென்சிலும் பேப்பரும் கட்டாயம் வேண்டும்; போகும் இடத்தை எல்லாம் கட்டம் போட்டு, கோடு இழுத்து, வரைபடமாக வரையுங்கள். இல்லாவிட்டால் பாதாளத்தில் வழி தவறிவிடும். சேவ் என்று டைப் செய்து அடிக்கடி சேமியுங்கள். செத்துப்போனால் ரிஸ்டோர். வெளிச்சம் இல்லாத இடத்தில் சுற்றாதீர்கள். இருட்டில் குரூ என்று ஒன்று இருக்கிறது, அது ஆளையே விழுங்கிவிடும். மொத்த மதிப்பெண் 350. நான் காலேஜில் விடைகளைப் பார்க்காமல் எடுத்தது 210.

நானும் இரண்டு நண்பர்களும் தமிழில் இப்படி ஒன்று எழுத வார இறுதிகளில் உட்கார்கிறோம். ஆங்கிலப் பார்சரை அப்படியே தமிழுக்குத் திருப்பினால் வேலைக்கு ஆகாது. "பெட்டியிலிருந்து விளக்கை எடு" என்றால் நம் மொழியில் எது பொருள், எது இடம் என்பது சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வார்த்தைகளை எந்த வரிசையில் போட்டாலும் அர்த்தம் மாறாது. அந்த வாலைச் சரியாக வெட்டத் தெரிந்தால் வேலை சுலபம். "மரத்தை" என்பதில் வெட்டினால் "மரத்து" வருகிறது, அதை "மரம்" ஆக்க வேண்டும். இப்போது அந்த இடத்தில் நிற்கிறோம். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாம் என்று ஒரு நண்பன் சொல்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

சித்தப்பா போன வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு போன் செய்தார். நான் ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்தேன்.

"விளக்கு மங்கிக்கிட்டே வருதுன்னு சொல்லுதுடா. பேட்டரி தீர்ந்துபோகுமா?"

"போகும் சித்தப்பா. தேவையில்லாத நேரத்துல அணைச்சு வெச்சிருக்கணும். கடைசியா எப்ப சேவ் பண்ணீங்க?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "காயிதத்துல எழுதி வெச்சிருக்கேன், முதல்லேருந்து வர்றேன்" என்று போனை வைத்தார்.